சொந்த ஊர் என்ற கட்டம்

கண்டியில் மென்பொருள் எழுதுகிற நாங்கள் இருபது பேர் சேர்ந்து, கூடிப் பேச இணையத்தில் ஓர் இடம் தேடினோம். இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். மின்னஞ்சல் குழு போதும் என்றார்கள் சிலர். உறுப்பினர் மட்டும் வாசிப்பார்கள், பராமரிக்கிற வேலையும் குறைவு. நான் விடவில்லை. யாரும் வந்து வாசிக்கக்கூடிய திறந்த களம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"எல்லாருக்கும் இலவசமா குடுக்கத்தானே மென்பொருள் செய்றோம். அதப்பத்தி பேசறத மட்டும் ஒளிச்சு வைக்கிறதா? என்னங்க நியாயம் இது?"

சத்தம் போட்டால் ஜெயிக்கலாம் என்று நம்பிய வயது. ஜெயித்தும் விட்டேன். உண்மைப் பெயரும் சொந்த ஊரும் ஒவ்வொரு பதிவின் கீழும் தெரிய வேண்டும் என்பதும் என் பிடிவாதம்தான். பட்டப்பெயரில் ஒளிந்துகொண்டு திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று ஒருவர் மட்டும் கேட்டார். "அண்ணை, ஊர் கட்டாயம் போடவேணுமோ?"

"ஏன் தம்பி, ஊர்ல பொண்ணு பார்த்து வச்சிருக்காங்களா? தேடி வந்துருவாங்கன்னு பயமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

எங்களில் அவர்தான் கெட்டிக்காரர். மாத்தளையில் பிறந்தவர். கலவரத்துக்குப் பயந்து பெற்றோர் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார்கள். அங்கே வளர்ந்து, படிப்புக்காக மாத்தளைப் பெரியம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தார். இதை ஒருநாள் பிளேன்டீ குடித்தபடி என்னிடம் மட்டும் சொன்னார். அடையாள அட்டையில் மாத்தளை. கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் அறை எடுத்தபோதும் மாத்தளை என்றே சொல்லியிருந்தார். புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சி என்றால் அந்த நாட்களில் யார் அறை கொடுப்பார்கள்? தங்கியிருப்பவரின் விபரத்தை வீட்டுக்காரர் பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

களம் தொடங்கியது. அவர் ஊர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். கொழும்பு நண்பர்களுக்குக் களத்தைக் காட்டிப் பெருமையடிக்க நினைத்திருந்தேன். மட்டக்களப்பு, காலி, யாழ்ப்பாணம் எல்லாம் பட்டியலில் இருந்தன. கிளிநொச்சியும் இருந்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்! நிர்வாகி கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அவர் பக்கத்தைத் திறந்தேன், எழுதினேன், சேமித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

வீட்டுக்காரரின் மகள் கணினி படிக்கிறவள். நம் வீட்டில் இருப்பவர் எவ்வளவு அழகாகப் பதில் எழுதுகிறார் பாருங்கள் என்று தகப்பனுக்குக் களத்தைக் காட்டியிருக்கிறாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தகப்பன் பதிலை வாசிக்கவில்லை. கீழே இருந்த ஊரை வாசித்தார். பொலிசில் தான் கொடுத்த தாளை நினைத்து நடுங்கிப்போனவர், தானே ஸ்டேசனுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். பொலிசார் நண்பரை மூன்று நாள் வைத்து விசாரித்து, பிறகு வெளியே விட்டார்கள். அறையும் போய், வேலையும் போய்விட்டது.

பஸ் நிலையத்தில் பையோடு நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணை, அந்த இடத்தை நான் வெறுமையாத்தான் விட்டனான் எண்டு நினைவு. எப்பிடி வந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

சொல்லியிருக்கலாம். இந்த வாய் சபையில் எவ்வளவு கத்தியது!

"நீங்களே போட்டிருப்பீங்க தம்பி. அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றார். "வீட்டுக்காரர் பாவம் அண்ணை. என்னால அவரையும் கூப்பிட்டு விசாரிச்சுப் போட்டாங்கள்."

பஸ் போனதும் நேரே ஓடிப்போய் அவர் பக்கத்திலிருந்த கிளிநொச்சியை அழித்தேன். அவருக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். சீ, எனக்காகத்தான்.

சில வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து களத்தில் கடைசியாக எழுதினார். தன் கவனயீனத்தால் குழுவுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதாம், எல்லோரும் மன்னிக்க வேண்டுமாம். ஒருவர் பின் ஒருவராக ஆறுதல் எழுதினார்கள். நான் எழுதாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பயந்தேன். கடைசியில் நானும் எழுதினேன்:

"பரவாயில்லை தம்பி. உங்களை மன்னித்துவிட்டோம்."