பாப்பா எங்க போனா?

துறைமுகத்திலிருந்து ஒரு கண்டெய்னரை வெளியே எடுப்பதுகூட லேசு. ஒரு நாவலை வீட்டிலிருந்து வெளியே அனுப்பிப் புத்தகமாக்குவது இருக்கிறதே, அப்பப்பா! முதல் கையெழுத்துப் பிரதியை அனுப்பிவிட்டுப் போனையே முறைத்துக்கொண்டிருக்கும் பாவப்பட்ட ஜென்மங்களே, கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இறக்குமதிச் சரக்குக்குப் பேப்பர் தயார் பண்ணுகிறவள். வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார்.

பதில் வராத காலம்

எங்கள் வீட்டுக் கதையையே நாவலாக எழுதிச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பி மாசக்கணக்கில் சத்தமே இல்லை. போன் ‘டிங்’ என்றால் பாய்ந்து எடுப்பேன். கேஸ் சிலிண்டர் மெசேஜாக இருக்கும். மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த என்னிடம் முதலாளி அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். டீயை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சரக்கு வரலைன்னா கப்பல் நடுக்கடல்ல நிக்குன்னு அர்த்தம். முங்கிட்டுன்னு எவனும் சொல்லலைல்லா? சும்மா இரும்மா.”

கத்திரிக்காய்க்குச் சாட்சி

ஒருவழியாகப் பதிப்பகத்து எடிட்டர் அம்மா கூப்பிட்டார். புத்தகம் போடுகிறார்களாம்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் திருத்தம் ஆரம்பமாகிவிட்டது. எங்கள் தொழிலில் பெட்டிக்குள் இருக்கும் ஒரு ஆணியைச் சொல்லாமல் விட்டாலும் கஸ்டம்ஸில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயத்திலேயே பழகிய கை, நாவலில் யார் வாசலுக்கு வந்தாலும் பையில் என்ன, எத்தனை, என்ன நிறம் என்று ஒப்பித்திருக்கிறது. ஒரு பெரியப்பா வந்து உட்காருவதற்குள் ஒரு பக்கம் காலி. எடிட்டர் அம்மா சிரித்தேவிட்டார்: “உங்க பெரியப்பா கத்திரிக்காய் வாங்கிட்டு வந்ததுக்கு இவ்வளவு சாட்சி வேண்டாம்மா. நாங்க நம்புறோம்.”

விட்டுப்போன ஒன்று

கத்திரிக்காயை வெட்டினேன். பெரியப்பாவையும் பாதி வெட்டினேன். பிறகு ஒருநாள் எடிட்டர் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க. ஆனா ஆரம்பத்துல தொட்டில்ல கிடந்த பாப்பா அப்புறம் வரவே இல்லையே. அந்தப் பாப்பா எங்க போனா?”

அந்தப் பாப்பா எங்கள் மகள்தான். காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஒரு வயசுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேச்சே கிடையாது. எடுத்தால் என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். எழுதினால் இவருக்கு வலிக்கும். எழுதாவிட்டால் கதையிலும் அவளை நானே தொலைத்த மாதிரி ஆகும்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு, எழுதட்டுமா என்று இவரிடம் கேட்டேவிட்டேன். லாரிக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே முகம் பார்க்காமல் சொன்னார்: “எழுதுளா. என்னைய மட்டும் வாசிக்கச் சொல்லாத.”

கேட்டுக்கு வெளியே

அழுதுகொண்டே எழுதினேன். இவருக்காகப் பிள்ளையின் பேரை மட்டும் மாற்றிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லிக் கட்டாகத் தாள்கள் வந்தன. ராத்திரி பீரோ மேல் வைத்தேன், காலையில் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, எடிட்டர் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தவித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இவர் கூப்பிட்டார். துறைமுகக் கேட்டுக்கு வெளியே லாரி வரிசையில் நிற்கிறாராம். முன்னால் வண்டிகள் நகர்ந்துவிட்டன போல. பின்னால் ஹாரனும் வசவும் காதைப் பிளக்கின்றன. இவர் வண்டியை எடுக்கவில்லை. தாள்கள் சரசரக்கும் சத்தம் கேட்டது. இவர் கேட்டார்: “ஏளா, பிள்ளைக்கு ஏன் வேற பேரு போட்டிருக்க? முத்துச்செல்வின்னே போடு. நம்ம பிள்ளைல்லா அவ.”

அடுத்தவர் பெட்டிக்குள் இருப்பதை ஒன்று விடாமல் எழுதிச் சம்பளம் வாங்குகிற எனக்கு, என் வீட்டுக்குள் இருந்தவளை அவள் பேரோடு எழுத ஒரு எடிட்டரும், பின்னால் நின்ற லாரிக்காரர்களின் அத்தனை வசவும் தேவைப்பட்டன, போங்கள்!