வலப்பக்கம் கோத்தகிரி

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக ஓடும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றும் மனைவியைத்தான் கேட்கிறேன். கோத்தகிரியில் இருக்கும் நீங்களும், என்னைப்போல் வெளியே போய்ப் பிழைப்பவர்களும் படிக்கிற மலர் இது என்பதால் துணிந்து எழுதுகிறேன். புரியாத இடத்தில் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

கண்டிக்கு வந்த புதிதில் என்னைப் படாதபாடு படுத்தியது ரோட்டைக் கடக்கிற வேலைதான். நம்ம பக்கம் வண்டி நிற்காது. இடைவெளி பார்த்து ஓட வேண்டும். இங்கே நிற்கிறது. மஞ்சள் கோடு என்று இவர்கள் சொல்லும் இடத்தில் காலை வைத்தால் போதும், பஸ், லாரி, த்ரீவீல் எல்லாம் வரிசையாக நின்று நாம் போகட்டும் என்று காத்திருக்கும். இத்தனை பேர் எனக்காக நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கூச்சம் வந்துவிடும். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டே ஓடுவேன். புவனா, அதாவது என் மனைவி, "எலக்ஷன் கேக்கப் போற மாதிரி ஏன் மச்சான் எல்லாரையும் கும்புடுறீங்க?" என்பாள்.

அப்படி ஒரு நாள் கும்பிட்டுக்கொண்டே போனபோது பாதி வழியில் என் கால் நின்றுவிட்டது. எனக்காக நின்றிருந்த வண்டி ஓர் அம்பாசிடர். வெளிர் மஞ்சள் நிறம், உருண்டை முகம், தொப்பி வைத்தாற்போன்ற கூரை. கோத்தகிரி ஸ்டாண்டில் நான் பல வருஷம் ஓட்டிய டாக்ஸியே கடல் தாண்டி வந்து நிற்பது போலிருந்தது. ஓட்டிவந்த நரைத்த மனிதர் தலையை வெளியே நீட்டி ஏதோ கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே சிங்கள வார்த்தை 'ஓவ்', அதாவது ஆமாம். அதையே இரண்டு தடவை சொன்னேன். அவர் கையை விரித்தார். ரோட்டைக் கடக்கப் போகிறீர்களா, காரை வாங்கப் போகிறீர்களா என்று கேட்டாராம். இரண்டுக்கும் நான் ஆமாம் சொல்லியிருக்கிறேன் என்று கூட வந்த புவனா பிறகு விளக்கினாள்.

அது அம்பாசிடர் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. மொரிஸ் ஒக்ஸ்போர்ட். வெள்ளைக்காரன் நாட்டில் பிறந்த அந்தக் காரின் அச்சைக் கொண்டுவந்துதான் இந்தியாவில் அம்பாசிடர் செய்தார்களாம். இரண்டும் ஒரே உடம்பு, பெயர்தான் வேறு. எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. என் அம்மா ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் பிறந்து, பாவாடை கட்டிய வயதில் கப்பலேறி நீலகிரிக்கு வந்தவள். அங்கே எங்கள் லைன் வீட்டைச் 'சிலோன்காரங்க வீடு' என்பார்கள். முப்பது தாண்டி அம்மாவின் தம்பி மகளைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்தால், மாமாவின் ஹார்ட்வேர் கடையில் என் பெயர் 'இந்தியாக்காரர்'. அந்தக் காரைக் கேட்டிருந்தால் அதுவும் இதையேதான் சொல்லியிருக்கும்.

சின்னக் கார்கள் செய்கிற பழக்கம் எனக்கு டாக்ஸி ஸ்டாண்டிலேயே தொற்றிக்கொண்டது. மழைக்காலத்தில் சவாரி கிடைக்காது. வண்டிக்குள் உட்கார்ந்து அட்டையை வெட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் பொம்மை மாதிரி இல்லாமல் அசல் மாதிரி செய்ய முடிந்தது கண்டிக்கு வந்த பிறகுதான். ஹார்ட்வேர் கடையில் பட்டி, உப்புத்தாள், பெயிண்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஐஸ்கிரீம் டப்பாவின் பிளாஸ்டிக்கில் கதவு, மாத்திரை அட்டையின் கண்ணாடிக் குமிழில் ஹெட்லைட், சாக்லேட் சுற்றிய தாளில் பம்பரின் மினுமினுப்பு. அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு. பேச்சு வராதவனுக்கு இது நல்ல வேலை. கார் பதில் கேட்காது. புவனாவுக்கு மட்டும் ஒரு குறை. மாமியாருக்குச் சுகமில்லை என்று மாத்திரை வாங்கினால், மாத்திரை முடியும்வரை நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம்.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடல் கார் செய்பவர்கள் கூடுகிறார்கள் என்று கடைக்குப் பெயிண்ட் வாங்க வந்தவர் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவை மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைப்பார்களாம். அந்த மேசையில் என் கார் ஒன்றாவது நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அவர்களுக்கு ஒரு விதி உண்டு. உண்மையிலேயே ஓடுகிற ஏதாவது ஒரு காரைப் பார்த்து, அதிலிருக்கும் கீறல் வரை அப்படியே செய்திருக்க வேண்டும். எந்தக் காரைச் செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த ஒக்ஸ்போர்ட்தான். அதன் சொந்தக்காரர் விஜேரத்ன மாத்தயா, நம்ம பேச்சில் ஐயா, ஓய்வுபெற்ற சர்வேயர். அவர்தான் அந்தக் கூட்டத்துக்கே தலைவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவர் வீடு கட்டுகஸ்தோட்டையில். கேட்டைத் தட்டி, ஐயா உங்கள் காரைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. எதிர்ப்பக்க பஸ் தரிப்பிடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல நின்று பார்ப்பேன். கார் எப்போதும் வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் நிற்கும். முகமும் இடப்பக்கமும் எனக்கு மனப்பாடம் ஆயின. வலப்பக்கத்தை ஒரு நாளும் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதா என்ன? டிரைவர் பக்கம். பல வருஷம் ஏறி இறங்கிய பக்கம். ஒரு வருஷம் போல உட்கார்ந்து அதை நினைவிலிருந்தே செய்து முடித்தேன்.

அந்த ஞாயிறு புவனாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். மேசையின் தலைப்பக்கம் அவரே உட்கார்ந்திருந்தார். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. முன் பம்பரில் இருந்த வளைவையும் கண்ணாடியில் இருந்த வெடிப்பையும் மற்றவர்களுக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தார். பிறகு காரைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. வலப்பக்கக் கதவுகளின் கைப்பிடிகள் வேறு மாதிரி. பின் மட்கார்டில் ஆழமாக ஒரு சொட்டை. அவர் விரல் அந்தச் சொட்டையைத் தடவிவிட்டு, பின் கதவின் கைப்பிடியில் போய் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

பக்கத்திலிருந்த பல் டாக்டர் எட்டிப் பார்த்து, இது சாருடைய கார் இல்லையே, இந்தப் பக்கம் முழுக்கக் கற்பனை, எடுக்க முடியாது என்றார். சொட்டை எப்படி வந்தது என்று கேட்டார்கள். கோத்தகிரிப் பக்கம் யார் கேட்டாலும் சொல்லிவிடலாம். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? இரண்டு கையையும் தலைக்கு மேலே கொம்பாக வைத்துக் காட்டினேன். எல்லோரும் விழித்தார்கள். அங்கே ஒரு காட்டெருமை இவருடைய டாக்ஸியை முட்டியது, கை தானாக அதையும் செய்துவிட்டது என்று புவனா அவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "காரத்தான் செஞ்சீங்க, மாட்டையும் ஏன் மச்சான் கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்றாள். எனக்குக் காரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டால் போதும் என்றிருந்தது.

கையை நீட்டினேன். விஜேரத்ன மாத்தயா காரைத் தரவில்லை. எழுந்து, எல்லோரும் கீழே வாருங்கள் என்றார். கீழே அவருடைய ஒக்ஸ்போர்ட் நின்றது, இங்கேயும் வலப்பக்கம் சுவரோடு. அவர் இடப்பக்கமாக ஏறி, டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, மெல்ல முன்னால் எடுத்து, வெயிலில் நிறுத்தினார். வலப்பக்கப் பின்கதவு மட்டும் ஒரு மாற்றுக் குறைந்த மஞ்சள். கைப்பிடி நான் செய்து வைத்த அதே கைப்பிடி, என் டாக்ஸியில் இருந்தது.

அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "பழைய கதவு துருப்பிடிச்சுப் போச்சு. இங்க கிடைக்கல்ல. இது மெட்ராஸ்ல இருந்து வந்த கதவு. அம்பாசிடர். இவங்க யாருக்கும் தெரியாது."

பிறகு மற்றவர்களிடமும் அதையே சிங்களத்தில் சொன்னார். முழுக்க முழுக்க அசல் பாகம் என்று இத்தனை வருஷமும் அவர் சொல்லி வந்திருக்கிறார் என்பது டாக்டரின் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. பிறகு டாக்டர் குனிந்து பின் மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், விஜேரத்ன மாத்தயா எல்லோரையும்விடச் சத்தமாக. கதவு சரிதான், மாடு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்றாராம்.

காரை எடுத்துக்கொண்டார்கள். முன்கதவுக் கைப்பிடியை அசல்படி மாற்ற வேண்டும், சொட்டையைப் பட்டி வைத்து மூட வேண்டும் என்று நிபந்தனை. கைப்பிடியை அன்று மாலையே மாற்றினேன். பட்டியையும் குழைத்தேன். அது கையிலேயே காய்ந்துபோகும்வரை சொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விட்டுவிட்டேன். கண்காட்சியன்று காலை விஜேரத்ன மாத்தயா அதைப் பார்த்தார். சொட்டை தெரியாதபடி சுவர் ஓரத்து மேசையில் வைக்கப் போனார். அப்போதுதான் இந்த நாட்டில் முதல் தடவையாக யாரும் கேட்காமல் நானாக வாயைத் திறந்தேன். புவனாவைக்கூடப் பார்க்கவில்லை. உடைந்த சிங்களத்தில், நடு மேசையில் வைக்கலாமா, ஆட்கள் சுற்றி வரட்டுமே என்றேன். அவர் காரைக் கொண்டுபோய் மண்டபத்துக்கு நடுவில் வைத்தார்.

நாள் முழுக்கக் கூட்டம். இடப்பக்கமாக வந்தவர்கள் ஒக்ஸ்போர்ட் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மதியத்துக்குமேல் திகனயிலிருந்து வந்த ஒரு வியாபாரி வலப்பக்கம் நின்று, "இது அம்பாசிடர்தானே, இந்தியாவுல இதுலதான் போனோம்" என்று தன் வீட்டுக்காரியிடம் சொன்னார். எதிர்ப்பக்கம் நின்ற ஒரு மாத்தயா அவருக்காக 'ஒக்ஸ்போர்ட்' என்று எழுதியிருந்த பெயர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். நான் இரண்டு பேருக்கும் நடுவில், காரின் மூக்குக்கு நேராக நின்றேன். அங்கே நின்றால் இரண்டு பக்கமும் தெரியும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

எழுதி முடித்தது: பொசன் போயா பௌர்ணமிக்கு மறுநாள், கண்டி.