அவர் நிறுத்தச் சொன்னார்

அவர் தன்னை வெளியே எடுக்கச் சொன்னார்; நான் எடுக்கவிடவில்லை. இதுதான் என் குற்றம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் மலேசியத் தமிழன். ஈப்போவில் சீனப் பள்ளியில் படித்தவன். மெல்பர்னில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததே அந்தச் சீன மொழியால்தான். சீனச் சொற்களின் பொருளை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது எங்கள் ஆய்வு. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஒருவரைப் படுக்கவைத்து, இரண்டிரண்டு சொற்களாகக் காட்டுவோம். பொருளால் உறவுள்ளவை என்றால் ஒரு பொத்தான், இல்லையென்றால் இன்னொன்று. அந்நேரம் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதென்று படம் பிடிப்போம்.

மற்றொரு கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். பயம் வந்தால் அமுக்கலாம். அமுக்கினால் உடனே நிறுத்த வேண்டும். மீறவே கூடாத விதி அது.

முதியவர்களின் படங்கள்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தின. தலை சற்றே அசைந்தாலும் படம் கெட்டுவிடும். மே ஆன்ட்டி மட்டும் அசையவே இல்லை! மெல்பர்ன் புறநகரான நோபல் பார்க்கில் மகளோடு வசிக்கும் சீன மூதாட்டி, ஆங்கிலம் அறியாதவர். அவருடைய படங்கள் திரையில் பளிச்சென்று வந்துகொண்டிருந்தன. கடைசிச் சுற்று மட்டுமே மிச்சம்... அப்போது பந்தை அமுக்கினார்.

இயந்திரத்தை இயக்கிய சிவா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குச் சீனம் தெரியாது. ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினார்.

“அமத்திப்போட்டா. என்னவாம் எண்டு கேளும், தம்பி.”

கேட்டேன். மூச்சு முட்டுகிறது, வெளியே எடு என்றார் ஆன்ட்டி. தெளிவாகத்தான் சொன்னார்.

“ஒண்ணுமில்லண்ணே. கை தவறிப் பட்டுருச்சாம். தொடரச் சொல்றாங்க.”

ஆன்ட்டியிடம் வேறொன்று சொன்னேன். தொடங்கிய இயந்திரத்தை நடுவில் நிறுத்த முடியாது, கொஞ்சம் பொறுங்கள் என்று. ஆளுக்கொரு மொழியில் ஆளுக்கொரு பொய்! இரண்டு மொழியும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தானே... யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

அவர் பொறுத்துக்கொண்டார். கடைசிவரை பொத்தானைச் சரியாகவே அழுத்தினார். வெளியே வந்தபோது உடை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் கொடுத்தேன். அதற்கு எனக்கு நன்றி சொன்னார்.

அவருடைய மூளைப் படம் இன்றும் எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதிலுள்ள செந்நிறப் பகுதியைக் காட்டி, பொருள் உணரும் இடம் இது என்று வருபவர்களுக்கு விளக்குகிறேன். அதில் எவ்வளவு பொருள், எவ்வளவு பயம்? எனக்கே தெரியாது. சொல்லவே கூசுகிறது...

இதைக்கூட மறந்திருப்பேனோ என்னவோ. போன வாரம் அவருடைய மகள் அழைத்தாள். அம்மாவுக்கு ஓயாத தலைவலி, பார்வையும் மங்குகிறது. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்கிறார் மருத்துவர். அம்மாவோ, தொடங்கினால் நிறுத்த முடியாதாம் என்று பிடிவாதமாக மறுக்கிறார். நான் சொன்னால் கேட்கவில்லை, அன்று கூட இருந்த நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார் என்றாள்.

ஆன்ட்டியோடு பேசினேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றேன். அப்படியானால் அன்று ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். குரலில் கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், இல்லையா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நான்... அன்றைய இயந்திரம் பழையது என்றேன்.

நம்பிவிட்டார். நீ கூட வந்தால் வருகிறேன் என்றார். நிறுத்தச் சொன்னால் அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல, நம் மொழியும் இந்த இயந்திரமும் தெரிந்த ஒருவர் வேண்டுமே என்றார்.

சரி ஆன்ட்டி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

வியாழக்கிழமை போகிறோம். அவர் கையில் ஒரு பந்தைக் கொடுப்பார்கள். அவரோ என்னைத்தான் நம்பிப் படுத்திருப்பார்.