கையிலிருந்து போட்டது

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சர்ச் பேண்டில் சாக்ஸபோன் ஊதுவார். மூணாறுப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் கல்யாணமானாலும் அடக்கமானாலும் அந்தப் பேண்டுதான், பெரும்பாலும் அதே ஞானப்பாட்டுதான். அதை ஒழுங்காக ஊதி முடிக்கும் பழக்கம் மாமாவுக்கு இல்லை. ஆரம்பம் சரியாக இருக்கும். பிறகு எங்கெங்கோ ஊர் சுற்றிவிட்டு, பாதிரியார் முகம் சுளிக்கும் நேரத்துக்கு எப்படியோ வீடு வந்து சேரும்.

"கையீன்னு இடண்டா!" என்று மலையாளியான பேண்டு மாஸ்டர் கத்துவார். புத்தகத்தில் இல்லாததை நீயாகச் சேர்க்காதே என்று அதற்குப் பொருள். எங்கள் லயத்துக் குடியிருப்பில் அதை அப்படியே தமிழாக்கி, 'கையிலிருந்து போடுறான்' என்று மாமாவைக் கேலி செய்தார்கள். எங்கள் வீட்டிலோ கையிலிருந்து போடுவது என்றால் சொந்தக் காசைச் செலவழிப்பது. ஊரார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மாமா கைக்காசைப் போட்டு ஓட்டாண்டியாகிக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பினேன். அவர் செருப்பைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தம்பியை மட்டும் வரச்சொன்னாள்.

"எங் கல்யாணத்துல ஊதுனேல்ல, அத ஒருக்கா ஊதுலே. கேட்டுட்டுப் போறேன்."

மாமா கட்டிலருகே நின்று ஊதினார். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். "அது இல்லடா" என்றாள். தாழ்த்தி ஊதினார், இழுத்து ஊதினார், விட்ட இடத்திலிருந்து வேறு வழியாகப் போய்ப் பார்த்தார். "பாட்டு அதான். ஆனா அது இல்ல."

கல்யாண வீடியோ ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தோம். மாமா ஊதும் இடத்தில் வீடியோக்காரர் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டு மூடியிருந்தார். மாமாவின் கன்னம் மட்டும் உப்பி உப்பி அடங்கியது.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரே பாட்டுதான மாப்ள? புத்தகத்துல உள்ளத அப்படியே ஊதிட்டுப் போயேன்."

"அக்கா கேக்குறது புத்தகத்துல இல்ல அத்தான். அன்னைக்குக் கையிலேருந்து போட்டது. இப்பக் கையில இல்ல." சொல்லிவிட்டு மாமா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

நான் உள்ளே ஓடி, கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த ரூபாய் நோட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். "இத வச்சுப் போடுங்க மாமா."

சிரிப்பார் என்று நினைத்தேன். நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுபடி உள்ளே போய் ஊதினார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது கொச்சியில் என்னோடு வேலை பார்க்கிற ஒருவன் ஜாஸ் பைத்தியம். ஜாஸ்காரர்கள் நேற்று வாசித்ததுபோல் இன்று வாசிக்க மாட்டார்களாம். வாசிக்கிற அந்த நேரம்தான் பாட்டு, எழுதி வைத்தது பாட்டே அல்ல என்று டீ ஆறும்வரை விளக்குவான். நேரம் முடிந்தபின் பாட்டு எங்கே போகிறது என்று கேட்டேன். போய்விடுகிறது, அவ்வளவுதான் என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தி அதைக் கேட்டுக் கேட்டே செத்தாள்.

மாமா கட்டிலருகே ஊதிய அந்த வாரமே அம்மா போய்விட்டாள். அடக்கத்தில் மாமா புத்தகத்தில் உள்ளபடியே ஊதினார். எங்கேயும் சுற்றவில்லை, எதையும் இழுக்கவில்லை. "இன்னிக்குத்தான் நீ சரியாயிட்டு வாசிச்சது" என்று பேண்டு மாஸ்டர் அவர் தோளைத் தட்டினார். மாமா தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் வேறு விதமாக ஊதி யாரும் கேட்டதில்லை.

குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், இன்றைக்காவது அவர் கையிலிருந்து ஒன்றும் போடவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.