கம்பியை வெட்டிய கை

“ஈன்னு காட்டு தாயி” என்பார் பெரியண்ணன். யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான். பொன்மலைச் சங்கு ஊதி, ரயில்வே ஒர்க்ஷாப் வாசலில் சைக்கிள்கள் முட்டி மோதும் நேரத்திலும், எவராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் இவர் இறங்கிவிடுவார். குனிந்து பார்ப்பார். முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருந்துவிட்டால் தகப்பன் தப்பிக்க முடியாது. “சர்க்கார் ஆஸ்பத்திரில கம்பி போட்டு விடுறாங்க. நமக்குச் செலவே கிடையாது. பதினெட்டு வயசுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுங்க, அப்புறம் தலகீழா நின்னாலும் நடக்காது.” ஒர்க்ஷாப்பில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பல் இன்ஸ்பெக்டர். காந்தி மார்க்கெட்டில் காய் விற்பவளின் மகளுக்குப் பல் பார்த்துக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்குவார். பாதிக்குப் பாதி புழு. மனைவி வேலம்மாள் சொத்தையை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடுவாள்.

ஆள் கட்டை குட்டை. காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் கிரீஸ் வாசனை போகாது. பாய்லர் ஷாப்பில் ஃபிட்டர். அடைத்துக்கொண்ட ஸ்டவ், திறக்காத பூட்டு, பல் தேய்ந்த சைக்கிள் சக்கரம் என்று தெருவில் எது மக்கர் பண்ணினாலும் அவர் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் துணி காயப்போடும் கொடிக்கம்பி அறுந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்து வீட்டு முகமது இஸ்மாயிலைக் கூப்பிடுவார். “பாய், செத்த வந்து இத முறுக்கிட்டுப் போங்க.” குடிவந்த புதிதில் இஸ்மாயில், “நீங்க முறுக்காத கம்பியா அண்ணே?” என்று கேலி செய்ததுண்டு. விஷயம் தெரிந்த பிறகு அந்தக் கேலி நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். பெரியண்ணனுக்கு ஒரே மகள். மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அங்குள்ள அம்மன் பெயரையே வைத்தார்கள், மட்டுவார்குழலி. வீட்டில் குழலி. பால்பல் விழுந்து முளைத்த பற்கள் ஆளுக்கொரு திசையில் கிளம்பின. பதின்மூன்றாவது வயதில், ஐம்பத்தாறாம் வருஷம், பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மெட்ராஸிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகும் பல் டாக்டருக்காக அப்பாவும் மகளும் லீவு போட்டுக் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் கம்பி ஏறிவிட்டது. “நாலஞ்சு நாள் வலிக்கும், பொறுத்துக்கணும்” என்று சொல்லித்தான் அனுப்பினார் டாக்டர்.

பெரியண்ணனால் பொறுக்க முடியவில்லை. வலி பிள்ளைக்குத்தான், பொறுக்காதவர் இவர். ரசம் சாதம்கூட இறங்காமல், உள் உதடு கிழிந்து, “எடுத்துருப்பா, எடுத்துருப்பா” என்று அவள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலம்மாள் கடைக்குப் போயிருந்தாள். இவர் கட்டிங் பிளேயரை எடுத்து வெந்நீரில் கழுவினார். மகளை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஈறில் ஒரு கீறல் விழாமல் கம்பியை நறுக்கி எடுத்துவிட்டார். அத்தனை சுத்தமான வேலை. அன்று சாயங்காலம் குழலி இரண்டு தோசை சாப்பிட்டாள். தன்னைப்போல ஒரு தகப்பன் திருச்சி ஜில்லாவில் உண்டா என்று அவருக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

அடுத்த மாதம் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, “யாரு எடுத்தது?” என்றார். “நான்தாங்க.” டாக்டர் திட்டக்கூட இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான், காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும் என்று பெரியண்ணன் இன்றைக்கும் சொல்வார்.

இப்போது இஸ்மாயில் மகள் மும்தாஜுக்குக் கம்பி போட்டிருக்கிறது. இவர்தான் விடாப்பிடியாக அனுப்பினார். “அழட்டும் பாய், கஞ்சியா ஊத்துங்க” என்று தைரியம் சொல்லிவிட்டு வருவார். அவள் அழும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவார்.

குழலிக்கு இருபத்தொன்று. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். டீச்சர் வேலைக்குப் படி என்றார் பெரியண்ணன். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்துவிட்டாள். அங்கே குரல் போதும்.

சாப்பிடவே சிரமம் என்றால் பெரியவர்களுக்கும் சர்க்கார் செலவில் கம்பி போடலாம் என்று போன தை மாதம் யாரோ சொன்னார்கள். பெரியண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகளைக் கிளப்பினார். பஸ்ஸில் போகும்போது பாடம் நடந்தது. “மெல்ல முடியலன்னு சொல்லு. இடது பக்கம் சுத்தமா முடியலன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேச வேணாம்.” அவள் சரிப்பா என்றாள்.

டாக்டரம்மா அக்னஸ் பொறுமைசாலி. இரண்டு பக்கமும் பார்த்தாள். “அழகுக்குன்னா இந்த வயசுல எங்களால முடியாதும்மா. சாப்பிடக் கஷ்டம்னா நான் மெட்ராஸுக்கு எழுதறேன். மெல்ல முடியுதா?”

பெரியண்ணன் டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் தன் இடது கன்னத்தைத் தட்டிக் காட்டினார்.

“நல்லா மெல்லுவேங்க. சீடைகூடக் கடிப்பேன்” என்றாள் குழலி.

திரும்பும் பஸ்ஸில் பாலக்கரை வந்ததும் அவர் கேட்டார். “ஏம்மா அப்படிச் சொன்ன?”

“உள்ளததானேப்பா சொன்னேன்.” கொஞ்ச தூரம் போனதும், அவர் பக்கம் சாய்ந்து சொன்னாள். “மறுபடி கம்பி போட்டு நான் அழுதா, நீங்க தாங்க மாட்டீங்க.”

சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கையும் வாயை மூட வந்தது. பெற்ற தகப்பன் எதிரில்கூட அந்தக் கை வரும். பெரியண்ணன் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, அவள் சிரித்து முடிக்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.