தொளதொளத்த கோட்டு

வாயில் ஏழெட்டுக் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டுதான் அளவக்கா பேசுவார். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. பழகியவர்களுக்கோ, அவர் ஊசிகளை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால்தான் பயம். கழுத்தில் அளவுநாடா எந்நேரமும் தொங்கும். அதை விரித்து அவர் அளந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. உடையறைக்குள் ஒரு நடிகர் மூன்றாவது அடி வைப்பதற்குள் "மார்பு முப்பத்தெட்டு, இடது தோள் கொஞ்சம் இறக்கம்" என்று சொல்லிவிடுவார். ஒரு கதாநாயகன் தன் இடுப்பு முப்பத்திரண்டுதான் என்று ஒற்றைக் காலில் நின்றான். "சரி தம்பி, அப்படியே தச்சுடறேன். மூச்சு விடற மாதிரி சீன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். முப்பத்தாறுக்கு இறங்கி வந்துவிட்டான்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு உடை தைப்பது அவர் தொழில். அதிலும் பழைய காலத்துக் கதை என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். புதுத் துணியைப் பழசாக்குவதில் கெட்டிக்காரர். தேயிலைத் தண்ணீரில் ஊறவைப்பார், காலரை உப்புத்தாளால் தேய்ப்பார், கோட்டுப் பைகளில் கூழாங்கற்களைப் போட்டு ஒரு வாரம் தொங்கவிடுவார். "பாக்கெட்டு தொங்கலன்னா அந்தாளு வாழவே இல்லன்னு அர்த்தம்" என்பார்.

வீட்டில் அவர் தொலைக்காட்சி பார்ப்பது சத்தத்தை அணைத்துவிட்டு. பேச்சைக் கேட்டால் துணி கண்ணில் படாதாம். பேருந்து ஓட்டுநரான கணவருக்கு இதில் தீராத எரிச்சல். "அங்க ஒருத்தன் உயிர விட்டுட்டிருக்கான், நீ அவன் காலரப் பாத்துட்டிருக்க" என்று முணுமுணுத்தபடி எழுந்து போய்விடுவார். போகிற போக்கில் அவர் சட்டையின் பிரிந்த ஓரமும் அக்காவின் கண்ணுக்குத் தப்பாது.

இந்த வருடம் கையில் இருப்பது பத்துப் பகுதித் தொடர். ஒரு காலத்தில் நாட்டையே சிரிக்க வைத்த நெட்டை, குட்டை என்ற மேடை இரட்டையரின் வாழ்க்கை. நெட்டை சீக்கிரமே நாட்டை அப்போது ஆண்ட தலைவரின் பக்கம் சாய்ந்தார், பதவி வாங்கினார், பிறகு சிலையாகவும் நின்றார். குட்டை சாயவில்லை, தலைவரையே மேடையில் கிண்டலடித்தவர். ஆனால் ஒரு தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில், மதியக் கூட்டம் ஒன்றில், தலைவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதற்குச் சாட்சி ஒரே ஒரு புகைப்படம். மறுநாளே ஊர் அவரை விலைபோனவர் என்றது. அதன்பிறகு அவர் சொன்ன எதற்கும் யாரும் சிரிக்கவில்லை. மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

குட்டையின் மகள் இப்போது ஒரு பள்ளியில் எழுத்தராக இருக்கிறார். அளவுக்காக அப்பாவின் பழைய கோட்டு ஒன்றை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு உடனே போகாமல் இஸ்திரி மேசையருகே நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு அப்பா வீட்டு உடுப்போட, வீட்டுச் செருப்போட போனாருங்க. வந்த கார்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன். ஏழு வயசுப் பிள்ள பேச்ச யாரு கேட்டா?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். விலைபோனவர் மகள் என்ற பெயரோடு பள்ளிக்கூடம் போனவருக்கு அது போதாது. அளவக்கா கோட்டை வாங்கி மடியில் விரித்துக்கொண்டார். தோள் பதினாறு, கை இருபத்திரண்டு.

அன்று மாலையே அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, உடையறையின் ஆளுயரக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்தார். குட்டை போட்டிருந்த கோட்டின் கை விரல்நுனி வரை இறங்கியிருந்தது. தோள் தையல் முழங்கையை நோக்கிச் சரிந்திருந்தது. கீழே ரப்பர் செருப்பு. கதைப்படியோ, குட்டை அன்றைக்கென்றே புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, தலைவரைத் தேடித் தானாக ஓடி வருகிறார்.

இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். நகைச்சுவைக்காரர்தானே, தொளதொளவென்று போட்டால் கூட்டம் சிரிக்கும் என்று போட்டிருப்பார் என்றார். அளவக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவரு சிரிக்க வெச்சதெல்லாம் இறுக்கமான கோட்டாலதான், தம்பி. தும்மினா பொத்தான் பறக்கும், அதுக்குத்தான் கைதட்டு. நாப்பத்தோரு போட்டோ பாத்துட்டேன். ஒண்ணுலகூட தொளதொளன்னு எதுவும் போடல. இது அவருது இல்ல."

பிறகு யாருடையது? அதையும் புகைப்படமே சொன்னது. கோட்டு இல்லாமல் வெளியே தலை காட்டாத தலைவர், அந்தப் படத்தில் வெறும் சட்டையோடு நிற்கிறார். அதே நாள் காலையில் எடுத்த இன்னொரு படத்தில் அதே அகலக் காலர் வைத்த கறுப்புக் கோட்டு அவர் உடம்பில்தான் இருக்கிறது. சட்டையோடு நின்றதைத் தலைவரின் எளிமை என்று பாடப்புத்தகத்தில்கூட எழுதிவிட்டார்கள். வீட்டு உடுப்போடு அள்ளிக்கொண்டு வந்த ஆளை மேடைக்கு ஏற்றமாதிரி காட்ட, தன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டிருக்கிறார் அந்த எளிமையானவர். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சு, அதுக்கு மார்க்கு வேற போட்டிருக்காங்க" என்றார் அளவக்கா.

இயக்குநர் கிட்டப் போய்ப் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கதையில் கைவைக்க முடியாது, தலைவரின் பேரன் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், படப்பிடிப்புக்கு வீடு கொடுத்ததும் அவர்தான் என்று கடைசியில் சொன்னார். உடை மட்டும் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு நழுவினார். அளவக்காவுக்கு அது போதுமாக இருந்தது. காலைப் படத்தில் தலைவர் நின்ற அளவைக் கண்ணாலேயே எடுத்து, துணியை வெட்டினார். தோள் பத்தொன்பது, கை இருபத்தாறு.

படப்பிடிப்பு நாளன்று பேரன் வந்தார். ஓங்கிய ஆகிருதி, தணிந்த குரல். குட்டையாக நடிப்பவர் கோட்டைப் போட்டுக்கொண்டு உடையறையில் நின்றிருந்தார். பார்த்ததும் பேரனின் முகம் சுருங்கியது. அப்பன் கோட்டைப் பிள்ளை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது, யார் தைத்தது என்று கேட்டார். இயக்குநர் தரையைப் பார்த்தார். கால்மணி நேரத்தில் கையைக் குறைத்துத் தோளைப் பிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் நாளையிலிருந்து வேறு தையல்காரர் வருவார் என்றார் பேரன். சொல்லிவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பி, அடுத்த காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அளவக்காவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இன்னும் மூன்று தவணை கட்ட வேண்டிய புதுத் தையல் இயந்திரம் வீட்டில் இருக்கிறது. கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில் இருந்தது; கோட்டை வெட்டக் கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வெட்டினால் குட்டை இன்னொரு தடவை தானாக ஓடிவந்தவர் ஆகிவிடுவார், இந்த முறை இந்தக் கையாலேயே. பயம் ஒருபக்கம் இருக்கட்டும், அளவில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

நடிகரின் உடம்பிலிருந்து கோட்டைக் கழற்றினார். பேரனுக்குப் பின்னால் போய், காலரின் இரு பக்கத்தையும் பிடித்து விரித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா."

சிறு வயதிலிருந்தே வேலையாட்கள் உடுத்திவிட்டு வளர்ந்த உடம்பு அது. பின்னால் கோட்டு விரிந்தால் கைகள் தானாகப் போய் நுழையும். பேரன் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. வலது கை நுழைந்தது, இடது கை நுழைந்தது, தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டார். அப்புறம்தான் இயக்குநர் பதில் பேசாமல் தன்னையே பார்ப்பதைக் கவனித்துக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

கை மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது. தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. கண்ணாடியின் ஓரத்தில், அதே உயரத்தில், அதே தோளோடு, அவருடைய தாத்தா வெறும் சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

பேரன் படத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

அளவக்கா கோட்டை அவர் தோளிலிருந்து பதமாக உருவி, பக்கத்தில் நின்ற நடிகருக்கு மாட்டி, கீழ்ப் பொத்தான்வரை போட்டுவிட்டார். நடிகரின் கைகள் உள்ளே போய்க் காணாமல் போயின. அவர் பழக்கதோஷத்தில் கையை மேலே இழுத்துவிடப் பார்த்தார். அளவக்கா அந்த விரல்களை மெல்லத் தட்டிவிட்டு, துணியை மறுபடி கீழே இறக்கிவிட்டார்.