காத்து கருப்பு அடைத்த கல்

நார்த்தாமலையிலிருந்து கீரனூர் போகும் சாலையோரம், அறுபத்திரண்டு சென்ட் பரப்பில் மீனம்மாளின் ஹாலோ பிளாக் களம் இருக்கிறது. பத்தொன்பது வயதில் அங்கே கல்லுக்குத் தண்ணீர் அடிக்கிற வேலைக்கு வந்தவள் அவள். பதின்மூன்று வருடம் குழாயைப் பிடித்தே கழித்துவிட்டு, 2009-இல் அதே களத்தைக் குத்தகைக்கு எடுத்தாள்.

அச்சிலிருந்து எடுத்த கல்லைப் பத்து நாளாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போதே விளிம்பு உதிரும். களத்துக் கிணறோ பங்குனியில் வறண்டுவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் களத்துக்குப் பூட்டு. அவளிடம் வேலை பார்த்த ஏழு பெண்களும் அந்த மூன்று மாதம் எப்படிப் பிழைத்தார்கள் என்று மீனம்மாள் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

2024 நவம்பரில் அருள்மணி வந்தார். வெளிமாவட்டத்துச் சிமென்ட் ஆலை ஒன்றின் பொறியாளர், முப்பத்தொரு வயது, பொய் சொல்லத் தெரியாதவர். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுத்தான் சிமென்ட் செய்கிறார்கள் என்றும், சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு கிளம்பிப்போய் உலகத்தைச் சூடாக்குகிறது என்றும் அவர் விளக்கினார். அந்த வாயுவைப் புகையிலிருந்தே பிரித்துப் பிடித்து, உருளையில் அடைத்துக் கொண்டுவருவார்கள். ஈரக் கல்லை இரும்பு அறைக்குள் அடுக்கி வாயுவைத் திறந்துவிட்டால், கல் அதைக் குடித்து ஒரே நாளில் இறுகிவிடும். வாயு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகி உள்ளேயே தங்கிவிடும். நாள்கணக்கில் தண்ணீர் அடிக்க வேண்டியதில்லை.

கடைசி வாக்கியத்தை மீனம்மாள் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

இரும்பு அறையை ஆலையே களத்தில் இறக்கித் தந்தது; நிபந்தனை ஒன்றே ஒன்று. 2025 மார்ச் 31-க்குள் இந்தக் கல்லால் ஒரு வீடாவது சுவர் எழும்பி, வீட்டு உரிமையாளர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இரும்பு அறை வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

விளம்பரப் பலகைக்கான வாசகத்தை மீனம்மாள் பிளக்ஸ் கடைக்குப் போனில்தான் சொன்னாள். அருள்மணி ஒன்றேகால் மணி நேரம் பேசியதிலிருந்து அவள் பிழிந்தெடுத்த சாரம்: காத்துல கெடக்குற கருப்பைப் புடிச்சு அடைச்ச கல்லு. எதிர்முனையில் கடைக்காரர் லாரி ஹாரனுக்கு நடுவே எழுதிக்கொண்டார். பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகாலுக்கு ஆறடிக்கு நாலடிப் பலகை சாலையோரம் ஏறியது. ‘காத்து கருப்பு பிடித்து அடைத்த கல் இங்கே கிடைக்கும்.’ பக்கத்தில் கைகூப்பியபடி மீனம்மாளின் படம்.

பத்தரைக்குள் ஏழு பெண்களில் மூன்று பேருக்குத் தலைவலி வந்துவிட்டது. பதினொன்றுக்கு ஆவுடையப்பன் மொபெட்டில் வந்தார்; பின்னால் மனைவி அருணா. கீரனூரில் உரக்கடை வைத்திருப்பவர். அஸ்திவாரம் போட்டு முடித்து, சோதனைக் கல்லில் 1,150 வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். அந்தக் கல்லுக்குச் சம்மதித்த ஒரே ஆள் அவர்தான்.

"ஏம்மா மீனா, குடியிருக்கிற வீட்டுல பேயை வச்சு அடுக்கச் சொல்றியே, நல்லாருக்கா?"

அருள்மணி ‘மூலக்கூறு’ என்று ஆரம்பித்தார். மீனம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். எழுத்துப்பிழை என்று சொன்னால் எதையோ மறைக்கிறாள் என்பார். பேயேதான் என்று சொல்லவும் மனம் வரவில்லை. தன் வாயிலிருந்து பொய்யாக ஒரு சொல்லும் வரக்கூடாது, ஆனால் கேட்கிறவர் என்ன நினைத்துக்கொள்கிறாரோ அது அவர் பாடு என்று முடிவு செய்தாள்.

"அண்ணே, நான் ஒண்ணுஞ் சொல்லல. சாரே சொல்லட்டும். ஏன் சார், உள்ள போனது வெளிய வருமா?"

"வராதுங்க. நூறு வருஷமானாலும் வராது."

"புடிக்காம விட்டிருந்தா?"

"வெளியதாங்க சுத்திக்கிட்டிருக்கும்."

"எங்கிட்டு?"

"எல்லா எடத்துலயும்தான். இப்பக்கூட நம்மளைச் சுத்தி இருக்குங்க."

ஆவுடையப்பன் அருணாவின் பக்கம் ஓரடி நகர்ந்துகொண்டார். பிறகு, எது செய்தாலுமே வராதா என்று கேட்டார். அருள்மணி யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

"ஆசிட் ஊத்தினா மட்டும் கொஞ்சம் நுரைச்சுக்கிட்டு வருங்க."

மீனம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்ரூம் கழுவுற ஆசிடா?"

"அதேதாங்க."

ஆவுடையப்பன் போய் அடுக்கிலிருந்த கல்லொன்றை ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த நேரத்தில் அருணா மீனம்மாளைச் சிமென்ட் மூட்டைகளின் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிளஸ் டூவில் தான் சயின்ஸ் குரூப் என்றும், உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடுதானே என்றும் கேட்டாள். மீனம்மாள் உடனே ஒப்புக்கொண்டு, பலகையை மாலைக்குள் இறக்கிவிடுவதாகச் சொன்னாள்.

"எறக்காதீங்க" என்றாள் அருணா. "வீடு எம்பேர்லதான் இருக்கு, கையெழுத்து நாந்தான் போடணும். செவுரு எழும்புற வரைக்கும் போர்டு அப்படியே இருக்கட்டும். கல்யாணமாகி இருவத்தாறு வருஷமா பேய்க்குப் பயந்துக்கிட்டு இந்த மனுசன் ஒத்தையில வீட்டுல இருந்ததில்ல. திருச்சியில மக வீட்டுல ஒரு நாளு தங்க முடியல எனக்கு."

திரும்பி வந்தபோது ஆவுடையப்பன் தீர்மானத்துக்கு வந்திருந்தார். வெளியே சுற்றுவதைவிட உள்ளே கிடப்பதே மேல் என்று அவருக்குப் பட்டது. குளியலறைக்கு மட்டும் செங்கல்.

பலகையைத் திருத்தியே ஆகவேண்டும் என்று அருள்மணி அடம்பிடித்தார். மீனம்மாள் அவர் மனமும் கோணாமல், அடியில் ‘கருப்பு என்பது கரியமில வாயு’ என்று பெயிண்டால் எழுதவைத்தாள். எழுத்தின் உயரம் முக்கால் அங்குலம். பலகைக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்தால் நன்றாகவே படிக்கலாம்.

மார்ச் 27, வியாழக்கிழமை, சுவர் கூரை மட்டத்துக்கு எழும்பியது. அருணா படிவத்தின் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள். குளியலறைக்குச் செங்கல் வைத்த காரணத்தை எழுதச் சொல்லிப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அருள்மணி நாற்பது நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ‘அமிலத்தின் விளைவு குறித்து உரிமையாளரின் கணவர் முன்னெச்சரிக்கையாக இருக்க விரும்பினார்’ என்று எழுதினார். படித்துப் பார்த்த மீனம்மாள், சாருக்கும் இப்போது தொழில் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். இரும்பு அறை களத்திலேயே இருக்கலாம் என்று ஆலையிலிருந்து ஏப்ரல் 4-இல் கடிதம் வந்தது.

ஏப்ரல் 16, சித்திரை 3, புதன்கிழமை. கிணற்றில் விட்ட வாளி பாறையில் தட்டியது. ஏழு பெண்களும் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தார்கள். கலவைக்கு மட்டும் டிரம்மில் தண்ணீர் வாங்கி, அன்று 320 கல் போட்டார்கள்.